துணைக்கு வந்தவர்கள் அல்லர்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸின் ‘பெருஞ்சுவர்’ ஓவியத்துக்குப் பெயர்பெற்ற ஜூடி பாக்கா, தெருச் சிறுவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அதை முடித்தார் என்று படித்தேன். அப்படியானால் அவரை ஓவியர் என்பதா, ஓவிய ஆசிரியை என்பதா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: ‘துணைக்கு’ என்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. இருட்டில் கொல்லைப்புறம் போகப் பயப்படும் குழந்தைக்குத் துணை வேண்டும். பெருஞ்சுவர் எழுந்த வாய்க்கால் சுவரில் ஏறி நின்று வண்ணம் தீட்டிய அந்தப் பிள்ளைகள் யாருக்கும் துணையாகப் போகவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துவதற்காகத்தான் பாக்கா அந்தச் சுவர் வேலையையே எடுத்துக்கொண்டார்.

காரணம் அவருடைய இளமையில் இருக்கிறது. 1946-இல் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தில் பிறந்து, ஸ்பானிய மொழி மட்டுமே பேசிய பாட்டியின் மடியில் வளர்ந்தவர் அவர். பள்ளியில் அந்த மொழி பேசக் கூடாது என்றார்கள். ஆங்கிலம் தெரியாத குழந்தையை என்ன செய்வது என்று அறியாத ஆசிரியை, மூலையில் உட்கார வைத்து வண்ணங்களைக் கையில் கொடுத்தார். வகுப்பு நடந்துகொண்டிருக்க, ஒதுக்கப்பட்ட குழந்தை ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தது. 1969-இல் ஓவியத்தில் பட்டம் பெற்று, தாம் வரைந்தவற்றைப் பாட்டியிடம் காட்டியபோது, இவையெல்லாம் எதற்கு என்று பாட்டி கேட்டுவிட்டார். எத்தனையோ விமர்சகர்கள் அவரிடம் கேட்ட கேள்விகளைவிட இந்த ஒரு கேள்விதான் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று என்பது என் எண்ணம்.

தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தவர், வியட்நாம் போருக்கு எதிராக நின்றதால் வேலையை இழந்தார். பிறகு நகரப் பூங்காத் துறையில் ஓவியம் கற்பிக்கப் போன இடத்தில், ஒருவர் பேட்டையில் மற்றவர் கால்வைக்க முடியாத நான்கு கும்பல்களிலிருந்து இருபது இளைஞர்களைத் திரட்டி, 1970-இல் ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடையில் கைகளை அகல விரித்து நிற்கும் ஒரு பாட்டியை வரைய வைத்தார். ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு வண்ணம் குழைத்த அந்த வேலைதான் பெருஞ்சுவருக்கு ஒத்திகை.

பெருஞ்சுவர் இருப்பது சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வெள்ளத்தைத் தடுப்பதற்காகச் சிமெண்ட் பூசி இறுக்கப்பட்ட டுஹங்கா வாய்க்காலில். ஆறு ஓடிய இடத்தில் விழுந்த அந்தச் சிமெண்டைத் தழும்பு என்றும், ஓவியத்தை அந்தத் தழும்பின்மேல் குத்திய பச்சை என்றும் பாக்கா சொல்லுவார். 1976 கோடையில் எண்பது பிள்ளைகளோடு தொடங்கினார்; அவர்களில் பலர் சிறார் நீதிமன்றத்தின் வாசலைப் பார்த்தவர்கள். 1983 வரை ஐந்து கோடைகளில் நானூறுக்கும் மேற்பட்டோர் உழைத்து, பதின்மூன்று அடி உயரமும் 2,754 அடி நீளமும் கொண்ட வரலாற்றை 1950-கள் வரை எழுதி முடித்தார்கள். சித்திரத்தை ‘எழுதுவது’ என்ற நம் பழைய வழக்கு இவ்வளவு பொருந்தும் இடம் வேறொன்றை நான் அறியேன். ஏனெனில் கலிஃபோர்னியாவின் பாடநூல்கள் எழுதாமல் விட்டதையே அந்தச் சுவர் எழுதிற்று.

1950-களைக் காட்டும் ஒரு பகுதியைப் பாருங்கள். நெடுஞ்சாலை பாம்பு போல் வளைந்துவந்து ஒரு குடும்பத்தின் நடுவே புகுகிறது; இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர். வானத்திலிருந்து விளையாட்டரங்கம் ஒன்று பறக்கும் தட்டு போல் இறங்க, கீழே ஒரு பெண்ணைக் காவலர்கள் அவள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சாவெஸ் ரவீன் என்ற குடியிருப்பின் மக்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே பேஸ்பால் அரங்கம் எழுந்த கதை அது. தங்கள் குடும்பத்தின் கதையும் இப்படித்தான் என்று அறிந்த பிள்ளைகளின் கையில் அன்று தூரிகை இருந்தது. வரலாற்றாசிரியர்கள் வந்து சொல்லக் கேட்டு, சிறிய தாளில் வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பெருக்கிச் சுவருக்கு ஏற்றக் கற்றவர்கள் அவர்கள்.

ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வெற்று நேரமாக நடத்தும் பள்ளிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலருடைய கோபத்தையும் வாங்கியிருக்கிறேன். கற்பிப்பதை ஓவியரின் பக்கத் தொழிலாகப் பார்க்கும் உங்கள் கேள்வியிலும் அந்த மனப்பான்மையின் சாயல் இருப்பதால் மறுபடியும் எழுதுகிறேன். பாக்கா 1980-களிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்தவர்; அந்த வகுப்பறையையும் வாய்க்காலையும் அவர் வேறு வேறாக வைத்துக்கொள்ளவில்லை. கற்பித்தலைக் கழித்துவிட்டால் அந்தச் சுவரில் வண்ணம்கூட மிஞ்சாது.

2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் அவருக்குக் கூடத்தைத் திறந்துவிட்டபோது, முடிந்த ஓவியங்களை மாட்டிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பெருஞ்சுவரின் அடுத்த பகுதியான 1960-களை, பார்க்க வந்தவர்களின் கண்முன்னே தம் குழுவினரோடு அங்கேயே தீட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.