அப்பாவின் ஜீப்புக்கு வீட்டிலேயே பட்டறை: 5 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. கைக்கு 72,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 21,000. மகளுக்கு 9 வயது. அம்மா எங்களுடன் இருக்கிறார். வீட்டுக் கடன் இஎம்ஐ 23,500, இன்னும் 14 வருடம் கட்ட வேண்டும். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் 51,000 ஆகிறது. எஸ்ஐபி 6,000 போகிறது. எஃப்டியில் நாலரை லட்சம் இருக்கிறது. வருடம் ஒருமுறை போனஸ் 60,000 வரும். மருத்துவக் காப்பீடு ஆபீஸில் கொடுத்ததுதான்.

அப்பா 2023-இல் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அவர் ஓட்டிய 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, 2024-இல் அதன் காலமும் முடிந்துவிட்டது. அந்த ஜீப்பை ஆஃப்ரோடு வண்டியாக என் கையாலேயே கட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஷெட்டுக்கு 2.2 லட்சம், வண்டியைத் தூக்கி நிறுத்தும் டூ போஸ்ட் லிஃப்டுக்கு 1.5 லட்சம், மிக் வெல்டிங் மெஷின், கம்ப்ரசர், டூல்ஸ் எல்லாவற்றுக்கும் 1.8 லட்சம், வயரிங்குக்கு 50,000, ஜீப்புக்கு 2 லட்சம் என்று மொத்தம் 8 லட்சம் கணக்குப் போட்டிருக்கிறேன். எஃப்டியில் 3 லட்சம் எடுத்துவிட்டு, 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு 5 லட்சம் பர்சனல் லோன் வாங்கலாமா? நண்பர்களின் வண்டிகளுக்கு வேலை செய்துகொடுத்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. ஈரோட்டில் ஒரு அக்கா இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: லோன் வேண்டாம். எஃப்டியையும் தொட வேண்டாம். ஆனால் ஜீப்பைக் கட்டுங்கள். இதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கைவிட வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் பர்சனல் லோன் கணக்கைப் பார்த்துவிடுவோம். 5 லட்சத்துக்கு 14 சதவீதம், 60 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 11,630 ரூபாய். இருவர் சம்பளமும் சேர்ந்து 93,000. இப்போதைய செலவு, இஎம்ஐ, எஸ்ஐபி போக மாதம் மிஞ்சுவது 12,500. லோன் வந்தால் கையில் நிற்பது 900 ரூபாய்கூட இல்லை. கிரைண்டருக்குக் கட்டிங் வீலும் வெல்டிங் ராடும் வாங்கவே அது காணாது. 5 வருடத்தில் வட்டியாக மட்டும் கிட்டத்தட்ட 1.98 லட்சம் கட்டுவீர்கள். நீங்கள் போட்ட கணக்கில் ஜீப்புக்கு ஒதுக்கியதே 2 லட்சம்தான்.

அடுத்து எஃப்டி. எஸ்ஐபியை விட்டுவிட்டால் உங்கள் குடும்பத்தின் மாதத் தேவை 74,500. ஆறு மாதத்துக்கு 4,47,000 ஆகிறது. உங்கள் எஃப்டி சரியாக அவ்வளவுதான் இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் பம்ப் கம்பெனியில் ஓவர்டைம் நிற்கும், அப்புறம் ஷிஃப்ட் குறையும். கோவையில் இதைப் பார்க்காத குடும்பம் கிடையாது. உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்வது ஜீப் பிடிக்காததால் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாலரை லட்சம் எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, உங்கள் கணக்கில் எங்குமே வராத ஒரு விஷயம். எனக்கு இதுதான் பெரிய கவலை. அந்த ஜீப் இன்றைக்குச் சட்டப்படி உங்களுடையது இல்லை. அப்பா உயில் எழுதாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் அதில் சம பங்கு. மூன்றில் ஒரு பங்கு மட்டும் சொந்தமான வண்டியில் லட்சக்கணக்கில் கொட்டப் போகிறீர்கள். அக்கா கேட்க மாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். கேட்க மாட்டார்தான். ஆனால் வண்டி பளபளவென்று எழுந்து நின்று, யாராவது ஒருவர் நல்ல விலை சொன்ன பிறகு பேசுவதை விட, தார்ப்பாய்க்குக் கீழே துருப்பிடித்து நிற்கும்போதே பேசிவிடுவது எல்லோருக்கும் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோடு போய் வாருங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் தரும் ஆட்சேபனை இல்லாக் கடிதம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இவற்றோடு படிவம் 31 கொடுத்துத்தான் ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தபின் வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் இருக்கும், கட்டிவிடலாம். அடுத்து ஆர்சி புதுப்பிப்பு. 2025 ஆகஸ்டில் உயர்த்திய கட்டணப்படி, 20 வருடம் தாண்டிய சொந்த உபயோக இலகுரக வாகனத்துக்கு 10,000 ரூபாய். அதோடு பசுமை வரி, இவ்வளவு நாள் தள்ளிப்போனதற்கான கூடுதல் கட்டணம் எல்லாம் சேரும். புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓ ஆய்வுக்குக் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும், லைட் எரிய வேண்டும், ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்கவே முடியாது.

ஆகவே உங்கள் ஜீப்பின் முதல் வேலை எஃப்சி, அதாவது அந்த ஆர்டிஓ ஆய்வு, காட்டும் நிலைக்கு வருவது. எந்த டூல் முதலில் வாங்க வேண்டும் என்பதையும் அந்த வேலையே சொல்லிவிடும். பிரேக்கின் வீல் சிலிண்டரைக் கழற்ற லிஃப்ட் தேவையில்லை. நல்ல 3 டன் டிராலி ஜாக்கி ஒன்று, தரமான ஜாக் ஸ்டாண்ட் நான்கு, ஒரு ஸ்பேனர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் போதும். நான் கடைகளில் விசாரித்த வரை இவை எல்லாமே 30,000 ரூபாய்க்குள் அடங்கும். ஜாக் ஸ்டாண்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் படுக்காதீர்கள்.

என் அப்பா சூலூர் பக்கம் சின்ன லேத்து பட்டறை வைத்திருந்தார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அட்டையில் கிரீஸ் கறை, உள்ளே மூன்று பத்தி: டூலின் பெயர், யாரிடம் இரவல் வாங்கியது, எத்தனை தடவை. ஒரு டூலை இரண்டு தடவை இரவலோ வாடகையோ எடுப்பார். மூன்றாவது தடவை தேவைப்படும்போதுதான் கடைக்குக் கிளம்புவார். இருபது வருடத்தில் அவர் வாங்கியதில் ஒன்றுகூடச் சும்மா கிடந்ததில்லை. அதே ஊரில் எனக்குத் தெரிந்த இன்னொருவர் ஒரே நாளில் ஒன்றேகால் லட்சத்துக்கு டூல் வாங்கினார். மூன்று வருடம் கழித்துப் போனபோது மிக் மெஷினின் கைப்பிடியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. அது விற்பனைக்கு என்று சொல்லத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார். போட்ட விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. நீங்களும் அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். ஜீப் கேட்கட்டும், அப்புறம் வாங்கலாம்.

கோவையில் இருந்துகொண்டு எல்லா மெஷினையும் வீட்டில் வைக்க வேண்டியதில்லை. எஞ்சின் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் கணபதியிலும் பீளமேட்டிலும் வருடக் கணக்காக அதே வேலை செய்யும் கைகளிடம் கொடுங்கள். கமான் பட்டையை (சக்கரத்துக்கு மேலே உள்ள ஸ்பிரிங் பட்டை) கழற்றி எடுத்துப்போய் வளைவு ஏற்றி வாங்கி வாருங்கள். சேஸிஸில் வெல்டிங் வேலை வந்தால் தேர்ந்த வெல்டரை ஒரு நாள் கூலிக்கு வீட்டுக்கு வரச் சொல்லி, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். நீங்களே பழக ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் போதும், 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மிக் மெஷினும் கம்ப்ரசரும் டிங்கரிங், பெயிண்ட் வேலை வரும்போது வரட்டும். லிஃப்டை மறந்துவிடுங்கள். அதற்கு அழுத்தமான கான்கிரீட் தளமும் நல்ல கூரை உயரமும் வேண்டும், அந்தச் செலவும் உங்கள் கணக்கில் வரவில்லை. ஷெட் போடுவதற்கு முன், வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்குள் அது வருகிறதா என்று உங்கள் பிளான் அப்ரூவலை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் நிலுவையில் இருக்கும் கட்டடம் அது.

நண்பர்களின் வண்டிக்கு வேலை பார்த்துப் பணம் எடுப்பது பற்றி. வேண்டாம். வீட்டு மின் இணைப்பில் காசுக்கு வேலை செய்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 126 படி அதை அனுமதியில்லாத உபயோகமாக எடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். எப்போது தொடங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குச் சேர்த்துப் போடுவார்கள். சொந்த ஜீப்புக்கு வெல்டிங் வைப்பது காசுக்குச் செய்யும் வேலை இல்லை. இருந்தாலும் மீட்டரைக் கவனியுங்கள், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

இன்னொன்று, ஆஃப்ரோடு வண்டி என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது சட்டம் அனுமதிக்காத வேலைகள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்பான புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இது உங்கள் ஜீப்புக்கும் பொருந்தும். வேறு எஞ்சின், உயர்த்திய பாடி, அகலமான டயர் என்று போய், நாளை ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது ஆர்சிக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

இதனால் ஆசை குறைந்துவிட வேண்டாம். எம்எம் 540 பிறவியிலேயே ஃபோர் வீல் டிரைவ் வண்டி. அந்தப் பியூஜியோ டீசல் எஞ்சினைச் சுத்தமாக எழுப்பி, டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில், புஷ், பிரேக் எல்லாம் கம்பெனி அளவிலேயே புதுப்பித்தால் மேடு பள்ளத்துக்கு அதுவே தாராளம். ஓட்டுவதை நண்பர்களின் தோட்டத்திலோ அனுமதி உள்ள தனியார் நிலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுப் பக்கம் போகக் கூடாது.

சரி, பணம் எங்கிருந்து வரும்? மிஞ்சும் 12,500-இல் 4,500-ஐ நான் கீழே சொல்லும் பாதுகாப்புக்கு எடுத்துவைத்துவிட்டு, 8,000-ஐ ஜீப்புக்கு என்று தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சம்பளத்தன்றே போய்விட வேண்டும். போனஸில் பாதி, 30,000, அதே கணக்குக்கு. மூன்று வருடத்தில் 3,78,000 ரூபாய் வருகிறது. ஷெட்டை ஒரு எளிய தகரக் கூரையோடு நிறுத்திக்கொண்டால், ஜீப்பும் டூல்களும் ஆர்சி செலவும் இதற்குள் வந்துவிடும், வட்டி ஒரு ரூபாய் இல்லாமல். அந்தக் கணக்கின் பாஸ்புக்கை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். குடும்பப் பணத்துக்கும் ஜீப் பணத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று தெரிந்தாலே அவர் மனம் பாதி மாறும்.

அந்த 4,500 ரூபாயை எதற்குக் கேட்கிறேன் என்றால், ஆபீஸ் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசியாக வரும் ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீடும் உங்கள் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸும் முதல் ஸ்பேனருக்கு முன்னால் எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் இருவரும் சேர்ந்துவிடுங்கள், விபத்தில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 2 லட்சம் கவர். பட்டறை வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் அப்பா ஒருநாள் கண்ணாடி போடாமல் ஐந்து நிமிட கிரைண்டிங் வேலை என்று உட்கார்ந்தார். இரும்புத் தூள் கருவிழியில் ஏறிவிட்டது. எடுத்தார்கள், பார்வை தப்பியது, ஆனால் பத்து நாள் பட்டறை மூடிக்கிடந்தது. எனக்கு அப்போது பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். அம்மா யாரிடம் போய்க் கேட்டார் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஒரு தீயணைப்பான், பட்டறை லைனுக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இந்த நான்கும் முதல் மாதப் பணத்திலேயே வந்துவிட வேண்டும்.

ஆர்டிஓ அலுவலகம் போவதற்கு முன் ஜீப்பின் சேஸிஸ் எண்ணை வயர் பிரஷ் போட்டுத் துடைத்து, பழைய ஆர்சியில் உள்ள எண்ணோடு ஒரு தடவை ஒத்துப்பாருங்கள். துரு ஏறி ஒரு எண் தெரியாமல் போயிருந்தாலும் ஆய்வில் நிறுத்திவிடுவார்கள். அதைச் சரிசெய்யும் வழியை அங்கேயே கேட்டுக்கொண்டு, அதன் பிறகு ஸ்பேனர் செட் வாங்கலாம்.