மூட்டை கட்டும் முன் கேளுங்கள்: சமூகத்தளம் மாறுவது பற்றிக் கேள்வி பதில்

ஆர்குட் என்ற பழைய சமூகத்தளத்தின் காலத்திலிருந்து ஏழெட்டுத் தளங்களில் குடியிருந்து காலி செய்தவன் என்ற ஒரே தகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். கேளுங்கள். அதற்கு முன் ஒன்று, கணக்கில் இருப்பதை உங்கள் கணினியில் இறக்கி வைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அந்த வேலை.

அரைத்தூக்கம்: பத்து வருட ஃபேஸ்புக் கணக்கை மூடப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அமைப்புகளுக்குள் போனால் உங்கள் தகவலை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். கேட்டவுடன் வராது, தயாரானதும் சொல்வார்கள். அந்தக் கோப்பு சில நாள்தான் அங்கே இருக்கும், அப்புறம் எடுக்கலாம் என்று விட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். கோப்பு எந்த வடிவில் வேண்டும், உலாவியில் திறந்து படிக்கும் எச்டிஎம்எல்லா, நிரல்களுக்கான ஜேசனா என்று கேட்கும். எச்டிஎம்எல் எடுங்கள். நான் முதல்முறை ஜேசன் எடுத்தேன். திறந்தால் ஒரு தமிழெழுத்து இல்லை, மூன்று எழுத்துக்கு ஒருமுறை தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' வரிசையாக நின்றது. எழுத்து எங்கும் போகவில்லை, எழுத்துகளை எண்களாக மாற்றி வைக்கும் குறியேற்றத்தைத் தப்பாக எழுதி வைக்கிறார்கள். நிரல் தெரிந்தவர் சரிசெய்துவிடலாம், நமக்கு எதற்கு அந்த வம்பு.

அடுத்தது, 'ஃபேஸ்புக் மூலம் உள்நுழை' என்ற பொத்தானை அமுக்கி எத்தனை செயலிகளில் சேர்ந்தீர்கள் என்று பட்டியல் பாருங்கள். கணக்கு போனால் அந்தக் கதவுகளும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு மாற்றிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அழிக்கச் சொன்ன பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் ஒருமுறை உள்ளே நுழைந்து ரத்து செய்தால் பழையபடி. பாதிப் பேர் இருபதாம் நாள் நுழைவார்கள்.

பச்சைக்குடை: இருப்பதிலேயே எந்தத் தளம் நல்லது?

உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அது.

நடுநிசி: ட்விட்டர் பெயர் மாறியதிலிருந்து பிடிக்கவில்லை. மாஸ்டடானா, புளூஸ்கையா, த்ரெட்ஸா?

பெயர் மாறியது 2023 ஜூலையில். உங்களுக்குப் பிடிக்காமல் போனது அதற்கும் முன்பே இருக்கும், யோசித்துப் பாருங்கள். மாஸ்டடான் 2016லிருந்து இருக்கிறது. அது ஒரே கட்டடம் கிடையாது, தனித்தனி வீடுகள், அதாவது தனித்தனி சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் அதை நடத்தும் ஒரு வீட்டுக்காரர். அவர் சலித்துப்போய்ப் பூட்டினால் நீங்களும் கிளம்ப வேண்டும். வீடு மாறும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதியது வராது. இதைப் பலர் மாறிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள், ஆகவே முதலில் இறக்கி வையுங்கள். புளூஸ்கை 2024 பிப்ரவரியில்தான் அழைப்பில்லாமல் எல்லாருக்கும் திறந்தது, பழைய ட்விட்டர் வாசனை அங்கேதான் அதிகம். த்ரெட்ஸில் ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள், இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் ஒரு தட்டுதானே. சேர்வதும் தினம் வந்து பேசுவதும் வேறு வேறு. மூன்றிலும் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், எங்கே உங்களுக்குப் பதில் வருகிறதோ அங்கே இருங்கள்.

கல்மண்டபம்: டெலிகிராம் பாதுகாப்பானதுதானே அண்ணா?

சாதாரண உரையாடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம், அதாவது பேசுகிறவர்கள் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு, இல்லை, ரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை. அதுதான் வேண்டுமென்றால் சிக்னல் என்ற செயலி.

வெல்லக்கட்டி: புதிய இடத்தில் பின்தொடர்பவர்களைச் சீக்கிரம் கூட்டுவது எப்படி?

அது வியாபாரம், எனக்குத் தெரியாத துறை.

மழைக்காகம்: நான் போவதாக ஒரு பதிவு போட்டுவிட்டுப் போகலாமா?

வேண்டாம். 'விடைபெறுகிறேன் நண்பர்களே' என்று நாலு பத்தி எழுதியவர் யாரும் ஒரு வாரம் தாண்டி நான் பார்த்ததில்லை. வந்த பின்னூட்டங்களைப் படிக்கவே திரும்பி வருவார்.

மழைக்காகம்: இது அநியாயம். சொல்லாமல் போனால் எனக்கு என்ன ஆனதோ என்று பயப்பட மாட்டார்களா?

பயப்படக்கூடியவர் எத்தனை பேர்? அவர்களுக்குத் தனியே செய்தி அனுப்புங்கள்.

சாம்பல்நரி: நான் மழைக்காகம் பக்கம். ஒரு நண்பர் திடீரென்று காணாமல் போனார், இரண்டு வருடம் தேடினேன். கடைசியில் வேறொரு தளத்தில் வேறு பெயரில் கிடைத்தார். ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, இதற்கு என்னிடம் பதிலில்லை. நானே ஆர்குட்டில் இப்படிச் சிலரைத் தொலைத்தவன். 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள், முன்கூட்டியே அறிவித்தார்கள், நான்தான் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எனக்கு நற்சான்று எழுதித் தந்த ஒருவரின் உண்மைப் பெயர்கூட இன்றுவரை தெரியாது. ஆகவே திருத்திக்கொள்கிறேன். எங்கே கிடைப்பீர்கள் என்று ஒரு வரி, ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவு போடலாம். நாலு பத்தி காரணம் மட்டும் வேண்டாம்.

மழைக்காகம்: இரண்டு பத்தி?

ஒரு வரி.

தாழ்வாரம்: பெரிய நிறுவனத்தின் தளம் என்றால் மூடமாட்டார்கள் அல்லவா?

ஆர்குட்டும் கூகுள் பிளஸ்ஸும் ஒரே நிறுவனத்துடையவை. பின்னது 2019 ஏப்ரலில் போனது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில். மூடாமலேயே தொலைப்பதும் உண்டு, மைஸ்பேஸில் சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு வருடம் மக்கள் ஏற்றிய பாட்டெல்லாம் போய்விட்டது, வெளியே தெரிந்தது 2019ல். இறக்கி வையுங்கள் என்று நான் நச்சரிப்பது சும்மா இல்லை.

ஓட்டைப்படகு: எந்தத் தளம் நல்லது?

மேலே பார்க்கவும்.

இளவெயில்: எல்லாவற்றையும் விட்டுவிட ஆசை. ஆனால் குடும்பக் குழு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அம்மா ஒருநாள் என் செய்தி காணவில்லை என்றால் போன் செய்துவிடுவார்.

அப்படியானால் விட வேண்டியது வாட்ஸ்அப் இல்லை. குழுவின் சத்தத்தை அடக்கி வைத்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் மணியடிக்க விடுங்கள். நான் ஃபேஸ்புக்கை விட்ட வருடம் ஒருவர் பிறந்தநாளும் ஞாபகம் வரவில்லை, தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மாதிரிச் சின்ன வேலைகளை எல்லாம் தளம்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது விட்ட பிறகுதான் தெரியும். பட்டியல் போட்டுவிட்டு விடுங்கள்.

புதுச்செருப்பு: எந்தத் தளம் நல்லது என்று ஒரே பெயராகச் சொல்ல முடியுமா சார்?

முடியாது.

அரைத்தூக்கம்: அண்ணா, இறக்கிவிட்டேன்! ஆனால் திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கிறது, தலையில் கோடு போட்ட எழுத்தாக.

ஜேசன் எடுத்திருக்கிறீர்கள். மறுபடி போய் எச்டிஎம்எல் கேளுங்கள். கணக்கை இன்னும் அழிக்கவில்லையே?