செல்லுலாய்டு: பழைய படச்சுருள்களை என்ன செய்வது?

கேள்வி: திரைப்படத்தைச் 'செல்லுலாய்டு' என்று ஏன் குறிப்பிடுகிறார்கள்? டூரிங் டாக்கீஸ் நடத்திய என் தாத்தாவின் தகரப் பெட்டியில் சில ஃபிலிம் சுருள்கள் உள்ளன. அவற்றை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பருத்தி போன்ற தாவர நார்களிலுள்ள செல்லுலோசை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் இட்டால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும், அதனுடன் கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து உருவாக்கியதே செல்லுலாய்டு. கோயிலில் ஏற்றும் சூடமும் இந்தக் கற்பூரமும் ஒரே வேதிப்பொருள்தான். அது சேர்வதால்தான் இந்தப் பொருள் நொறுங்காமல் வளைகிறது. பர்மிங்காமைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ் இதன் முன்னோடியான பார்க்சைனை 1862இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். ஆனால், பில்லியர்ட்ஸ் பந்து செய்ய யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், 1870இல் காப்புரிமை பெற்ற பிறகே இது சந்தையில் நிலைத்தது. 'செல்லுலாய்டு' அவருடைய நிறுவனத்தின் வணிகப் பெயராகத்தான் பிறந்தது. சீப்பு, பொம்மை, மூக்குக்கண்ணாடிச் சட்டம், சட்டைக் காலர் எனப் பலவும் இதில் செய்யப்பட்டன. சர்வதேச டேபிள் டென்னிஸ் போட்டிகளில் 2014 வரை செல்லுலாய்டு பந்துதான் வழக்கில் இருந்தது.

1889இல் ஈஸ்ட்மன் நிறுவனம் ஒளி ஊடுருவும் நைட்ரோ செல்லுலோஸ் சுருளை, அதாவது செல்லுலாய்டு ஃபிலிமை, விற்கத் தொடங்கியது. நீளமாகவும் மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும் இருந்த அந்தச் சுருள் இல்லாமல் சினிமா வளர்ந்திருக்காது என்பதால், பொருளின் பெயரே கலைக்கும் ஆகிவந்தது. 1950களின் தொடக்கத்தில் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் ஃபிலிமும், பின்னர் பாலியெஸ்டரும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

உங்கள் அச்சத்துக்கு நியாயம் உண்டு. நைட்ரேட் ஃபிலிம் எனப்படும் அந்த நைட்ரோ செல்லுலோஸ் சுருள் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது; ஆகவே, பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும், நச்சுப்புகையும் வெளிவரும். பழைய திரையரங்குகளில் ஆபரேட்டர் அறையைத் தீத்தடுப்புச் சுவர்களோடு தனியாகக் கட்டியது இதனால்தான். 2003 ஜனவரியில் புணேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பற்றியதில், பழைய இந்தியப் படங்கள் பலவற்றின் சுருள்கள் அழிந்தன. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கும் இன்று பிரதி இல்லை என்பதை நினைக்கும்போது, உங்கள் பெட்டியில் இருப்பது என்னவென்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

சுருளின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அங்கே 'நைட்ரேட்' என்றோ 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத ஃபிலிம்) என்றோ ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கலாம். 16 மி.மீ. சுருளானால் பெரும்பாலும் கவலையில்லை, 35 மி.மீ. அகலமும் 1950களுக்கு முந்திய காலமும் சேர்ந்தால் நைட்ரேட் என்றே கொள்ளுங்கள். காடி (வினிகர்) நாற்றம் அடித்தால் அது சிதையத் தொடங்கிய அசிட்டேட் ஆகும். பிசுபிசுப்பு, பழுப்பு நிறம், பொடியாக உதிர்தல் ஆகியவை நைட்ரேட் சிதைவதன் அடையாளங்கள். ஒரு துண்டை வெட்டி எரித்துப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்; புரொஜெக்டரிலும் ஓட்ட வேண்டாம். வெயிலும் அடுப்பும் படாத, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சுருள்களின் விவரத்தையும் ஒளிப்படத்தையும் அனுப்புங்கள். அவர்களுடைய அறிவுரை கிடைக்கும்வரை தபாலிலோ பேருந்திலோ சுருள்களைக் கொண்டுபோக வேண்டாம். தாத்தாவின் பெட்டியில் பாட்டுப் புத்தகங்களோ சுவரொட்டிகளோ இருந்தால் அவற்றையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். காப்பகம் அவற்றையும் சேகரிக்கிறது.