பி. பி. கிங் வேகமாகக்கூட வாசிக்க மாட்டாரே, பிறகு ஏன் இந்தக் கொண்டாட்டம்?

வேகம் இல்லை, கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பது) போட மாட்டார், பாடும்போது கிட்டாரைத் தொடவே மாட்டார். இப்படிப்பட்ட அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞரை 2015ல் இறந்த பிறகும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டார் பழகத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், அவரை அரை நிமிட வீடியோத் துண்டுகளில் மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தத் துண்டுகளில் சோலோவை, அதாவது கிட்டாரின் தனி வாசிப்பை, மட்டும் வெட்டிப் போடுவார்கள். அதற்கு முன்னால் அவர் பாடிய வரி போய்விடும். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் கேட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மைதான். அவருடைய பாணி பிறந்ததே அந்த மூன்றில்தான். பாடி முடித்து வாயை மூடியதும் கிட்டார் தொடங்கும், அது முடிந்ததும் மறுபடி பாட்டு. இரண்டும் ஒரே ஆள் மாறி மாறிப் பேசுவதுதான். அதனால் அவருடைய கிட்டார் வாக்கியங்கள் ஒரு மூச்சில் பாடக்கூடிய நீளத்தைத் தாண்டுவதில்லை. சோலோவைக் கேட்டுக்கொண்டே கூடவே முணுமுணுத்துப் பாருங்கள், மூச்சு முட்டாது. இசை படிக்காதவர்களும் அவரைப் பின்தொடர முடிவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இடதுகை. அவருடைய அம்மாவின் உறவினர் புக்கா வைட், ஸ்லைடு வாசிப்பில் (தந்திமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) பெரிய ஆள். தனக்கு ஸ்லைடு வரவில்லை, அந்த ஒலியை விரலாலேயே கொண்டுவரப் போய்த்தான் தன் வைப்ராட்டோ, அதாவது சுரத்தை அதிரவைக்கும் விரல் அசைவு, உண்டாயிற்று என்று கிங்கே சொல்லியிருக்கிறார். கையைக் கவனித்துப் பாருங்கள்: ஆள்காட்டி விரல் நுனி மட்டும் தந்தியில், மற்ற விரல்கள் விரிந்து நிற்கும், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகியிருக்கும். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து திரும்ப, விரல் நுனி அச்சாக நிற்கும். அசைவு சின்னது, வேகம் அதிகம்.

இதைக் கிட்டாரில் வாசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'த த்ரில் இஸ் கான்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1951ல் ராய் ஹாக்கின்ஸ் பதிவு செய்த பாட்டை கிங் 1969ல் நியூயார்க்கில் புதிதாகப் பதிவு செய்தார். தயாரிப்பாளர் பில் சிம்சிக், பின்னால் வரும் வயலின் கோர்வை பெர்ட் டி கோட்டோ அமைத்தது. பி மைனர், நிமிடத்துக்குச் சுமார் 90 தாள அடி, 12 பார் (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று). நான்கு பார் பி மைனர் 7, இரண்டு பார் ஈ மைனர் 7, மறுபடி இரண்டு பார் பி மைனர் 7, பிறகு ஒரு பார் ஜி மேஜர் 7, ஒரு பார் எஃப் ஷார்ப் 7, கடைசி இரண்டும் பி மைனர் 7.

இரண்டாவது தந்தியில் 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிக் கட்டம்) ஆள்காட்டி விரலை வையுங்கள். அது பி, உங்கள் வீடு. அந்த ஒரே சுரத்தை எல்லாக் கார்டுகளின் மேலும் வாசியுங்கள். பி மைனரில் அது ஆதாரம், ஈ மைனரில் ஐந்தாவது, ஜி மேஜரில் மூன்றாவது. எஃப் ஷார்ப்புக்கு வந்ததும் அது நான்காவதாகிவிடும், கீழே ஏ ஷார்ப்புக்கு இறங்கத் துடிக்கும். விரல் அசையவே இல்லை, ஆனால் சுரத்தின் குணம் ஒவ்வொரு கார்டிலும் மாறிவிட்டது. நிறைய சுரங்களை அடுக்கினால் இந்த மாற்றம் காதில் விழவே வழியில்லை. கிங் குறைவாக வாசித்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

மீதிச் சுரங்களும் கைக்கு எட்டும் தூரத்தில்தான். அதே தந்தியில் 14ல் மோதிர விரல். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி அரைச் சுரம் வளைத்தால் டி. முதல் தந்தியில் 12ம் 14ம், மூன்றாவது தந்தியில் 11ம் 14ம். இந்தச் சின்னக் கட்டத்தைத்தான் கிட்டார்காரர்கள் பி. பி. பாக்ஸ் என்பார்கள். மூன்றாவது தந்தியின் 14ல் கிடைப்பது ஏ. எஃப் ஷார்ப் 7 பாரில் அதில் தங்காதீர்கள், கார்டில் உள்ள ஏ ஷார்ப்போடு உரசும்.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். வளைத்த சுரம் போய்ச் சேருவதற்கு முன்பே கையை ஆட்டத் தொடங்குவது ஒன்று; முதலில் 15வது ஃப்ரெட்டை அழுத்தி டி எப்படி ஒலிக்கிறது என்று காதில் வாங்கிக்கொண்டு, பிறகு 14லிருந்து வளைத்து அங்கே நிறுத்துங்கள். கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வைப்ராட்டோ செய்வது இன்னொன்று. அதில் வருவது வெறும் நடுக்கம். வளைக்கும்போது மட்டும் கட்டைவிரல் மேலே வந்து பிடிக்கலாம், நடுவிரலும் மோதிர விரலுக்கு முட்டுக் கொடுக்கலாம். மூன்றாவது, ஆம்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை, ஏற்றிவிடுவது. கிங் பல வருடம் வாசித்த லேப் சீரீஸ் எல்5, வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப். ஒலி தெளிவாக இருந்தால்தான் மென்மையாகத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் வேறுவேறாகக் கேட்கும். அவர் பெயரில் கிப்சன் நிறுவனம் விற்ற தந்தி செட்டின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 10, 13, 17, 32, 45, 54. மேல் மூன்றும் வளைக்க இலகு, கீழ் மூன்றும் கனம்.

கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஆரம்பநிலை கிட்டார்களை நட் (கழுத்தின் நுனியில் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டை) வெட்டைச் சரிபார்க்காமலே விற்கிறார்கள். வெட்டு இறுக்கமாக இருந்தால் வளைத்துவிட்டதும் தந்தி முழுதாகத் திரும்பாது, சுரம் இறங்கி நிற்கும். "உனக்குக் காது சரியில்லை" என்று பிள்ளைகளைத் திட்டும் ஆசிரியர்கள் ஒரு தடவை அந்த நட்டைப் பார்க்கலாம். 2பி பென்சில் கரியை வெட்டில் தேய்த்தாலே பாதிக் குறை தீரும். தீராவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அராவச் சொல்லுங்கள்.

புகழ் தானாக வரவில்லை. மெம்பிசில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் வேலை பார்த்தார், 1952ல் 'த்ரீ ஓ'கிளாக் ப்ளூஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1956ல் மட்டும் 342 கச்சேரிகள். அப்போதெல்லாம் கேட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்தது 1967ல் சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில்; அவர் ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் அழுதுவிட்டார். 1969ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் முன்கச்சேரி. அடுத்த வருடம் 'த த்ரில் இஸ் கான்' பொதுப் பட்டியலில் 15வது இடம். ராக்காரர்கள்தான் அவரைத் தூக்கிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு அதற்கு முந்தைய இருபது வருடம் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொரு ப்ளூஸ் கிட்டார்காரரான ஆல்பர்ட் கிங்கின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வளைப்பின் அகலத்தில் ஆல்பர்ட்டுக்கு நிகர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது பி. பி.யைப் பற்றி.

1964 நவம்பர் 21ல் சிகாகோவில் பதிவான 'லைவ் அட் த ரீகல்' தொகுப்பை முதலில் கேளுங்கள். 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாட்டில் வாத்தியங்கள் நின்று நின்று வரும் இடத்தில் கூட்டம் கத்துவதைக் கவனியுங்கள். பிறகு 'கம்ப்ளீட்லி வெல்', அதன் பிறகு 1970ல் சிறைக்குள் பதிவான 'லைவ் இன் குக் கவுண்டி ஜெயில்'. ராக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டனோடு 2000ல் செய்த தொகுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருவரில் யார் வாசிக்கிறார் என்று முதல் சுரத்திலேயே தெரிந்துவிடும்.