தொழில் ஆசையும் மார்க்கும்: கேள்வி பதில்

மார்த்தாண்டம், பி.இ. மூன்றாம் ஆண்டு: அக்கா, தேன் வாங்கி பாட்டிலில் அடைச்சு விக்கேன். சிஜிபிஏ (பத்துக்கு எடுக்குற சராசரி மார்க்) 7.8ல இருந்து 6.9க்கு வந்துட்டு. தொழிலை விட்டுரவா?

விட வேண்டாம் தம்பி, காலண்டரை மாற்றுங்கள். ரப்பர் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம் குமரி மாவட்டத்தில் தேன் வரத்து. உங்கள் ஈவன் செமஸ்டர் (ஆண்டின் இரண்டாம் பருவம்) ஓடுவதும் அப்போதுதான். ஏப்ரல், மேயில் தேர்வு. மார்க்கைக் குறைத்தது இந்த மோதல். அந்த மாதங்களில் சனிக்கிழமை மட்டும் கொள்முதல் செய்யுங்கள். தேனின் ஈரப்பதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காதீர்கள், புளித்து நுரைத்துவிடும். நல்ல தேனைக் காற்றுப்புகாத கேனில் அடைத்து வையுங்கள். பாட்டில், லேபிள், விற்பனை எல்லாம் தேர்வுக்குப் பிறகு. வருகைக் கணக்கும் முக்கியம்: 45 மணி நேரப் பாடத்தில் 75 சதவீதம் என்றால் 34 மணி நேரம். 11 வகுப்புக்கு மேல் விட வழியில்லை.

குளச்சல், ஒரு தாய்: மகன் பிசினஸ், பிசினஸ்னு சொல்லுதான், அரியர் விழுது. அந்த ஆசைதான் காரணமா?

எது முதலில் வந்தது என்று பாருங்கம்மா. வேலைக்கு ஆளெடுக்க வரும் பல நிறுவனங்கள் 60 சதவீதமும் அரியர் இல்லாமையும் கேட்கின்றன. அந்த வாசல் அடைபட்ட பிறகு தொழில் பக்கம் திரும்புகிற பிள்ளைகள் உண்டு. மார்க் பட்டியல்களை வரிசையாக வையுங்கள். எல்லாப் பாடமும் சேர்ந்து இறங்கியிருந்தால் நேரப் பிரச்சினை. கணக்கு மட்டும் என்றால் அடிப்படை பலவீனம். அதற்குத் தொழிலைக் குறை சொல்லக் கூடாது.

நாகர்கோவில், எம்.பி.ஏ.: புராஜெக்ட்டுக்கு 200 மாணவர்களிடம் கேட்டேன். ஆசைக்கும் மார்க்குக்கும் தொடர்பே தெரியவில்லை.

"தொழில் தொடங்குவீர்களா, ஆம் இல்லை" என்று கேட்டிருந்தால் அப்படித்தான் வரும். லின்யான், சென் என்ற ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட வினாப்பட்டியலில் தொழில் தொடங்கும் நோக்கத்தை அளக்க மட்டும் 6 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி அளவுகோல். சிஜிபிஏயைக் கல்லூரி, துறை வாரியாகத் தரப்படுத்துங்கள், அதாவது அந்தந்தக் குழுவின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடுங்கள். தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியின் 8ம் மற்றதன் 8ம் ஒன்றல்ல. குடும்பத்தில் கடை, படகு, தோட்டம் உண்டா என்பதையும் சேருங்கள். முதலிடத்திலும் கடைசியிலும் இருப்பவர்களுக்கு ஆசை அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருந்தால் நேர்கோட்டுத் தொடர்பு பூஜ்ஜியம் காட்டும். அந்த வளைவு தெரிய மார்க்கின் வர்க்கத்தையும் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

கருங்கல், பி.டெக்.: தொழிலுக்காக வருகையில் சலுகை உண்டா?

மத்தியக் கல்வி அமைச்சகமும் (அப்போது மனிதவள அமைச்சகம்) தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யும் முன்வைத்த 2019 ஸ்டார்ட்அப் கொள்கையில் இடமுண்டு. இறுதியாண்டு புராஜெக்ட்டாகவே தொழிலைக் காட்டி கிரெடிட் பெறலாம். ஆனால் உங்கள் கல்லூரி அதை ஏற்று விதி வகுத்திருக்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும்முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வகுப்பை விட்டபிறகு கேட்டால் கிடைக்காது.