கலாபகோஸ் கப்பலுக்குப் பெட்டி கட்டுவது எப்படி? கேள்வி பதில்

ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கின்றன கலாபகோஸ் தீவுகள். சிறு கப்பலில் தங்கி, தீவு தீவாக இறங்கி விலங்குகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பயணக் குழுக்களை அங்கே அழைத்துச் செல்வது என் தொழில் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: ஆகஸ்டில் போகிறோம். வெப்பமண்டலத் தீவுதானே, மெல்லிய பருத்தி உடைகள் போதுமா?

போதாது அம்மா. ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் தீவுகளைச் சூழ்ந்திருக்கும். வானம் மூடிக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் 'காருவா' என்று சொல்லும் மென்தூறல் விழும். கடல்நீர் சுமார் 18 முதல் 23 டிகிரிதான். மேற்கே இசபெலா, ஃபெர்னாந்தினா தீவுகளின் பக்கம் இன்னும் குளிரும். நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்வது இந்தக் குளிர்ந்த நீரால்தான். மெல்லிய முழுக்கைச் சட்டைகளோடு காற்றுத் தடுப்பு மேலங்கி ஒன்றும் ஸ்வெட்டர் ஒன்றும் வையுங்கள். வழியில் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் தங்கினால் அந்த ஸ்வெட்டர் அங்கேயும் வேண்டியிருக்கும். அந்த ஊர் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் மே வரை போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, வெயிலும் திடீர் மழையும்தான் அதிகம்.

நீச்சல் உடை இரண்டு செட் வேண்டும். கப்பலில் எதுவும் சீக்கிரம் உலராது. கை, கால் முழுக்க மூடும் நீச்சல் உடை அணிந்து இறங்குவதில் எந்தத் தடையும் இல்லை; வெயிலுக்கு அதுவே நல்லது. குளிர் தாங்கும் ரப்பர் உடையைப் பெரும்பாலான கப்பல்களில் வாடகைக்குத் தருவார்கள், உங்கள் அளவை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: நாங்கள் சைவம். பருப்புப் பொடி, ஊறுகாய், காயவைத்த கறிவேப்பிலை, கொஞ்சம் பச்சைப்பயறு எடுத்துச் செல்லலாமா?

கறிவேப்பிலையும் பச்சைப்பயறும் வேண்டவே வேண்டாம். முளைக்கக்கூடிய எதுவும், செடியின் எந்தப் பகுதியும், பழமும் அந்தத் தீவுகளுக்குப் போகக் கூடாது. கீட்டோ அல்லது குவயாகில் விமான நிலையத்தில் ஏறும்போதே உயிரியல் பாதுகாப்புத் துறையினர் பெட்டிகளைச் சோதிப்பார்கள். நாம் தெரியாமல் கொண்டுபோகும் பூச்சிகளுக்காக விமானத்துக்குள்ளும் மருந்து தெளிப்பார்கள். தீவில் இறங்கிய பிறகும் சோதனை உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல்படுகிறவர்களுக்கு நான் ஒரு செடியைப் பற்றிச் சொல்வேன். நம் மலைகளில் தானாக வளரும் ஒரு முட்பழச் செடி இருக்கிறது, ஆங்கிலத்தில் மைசூர் ராஸ்பெர்ரி என்பார்கள். பழத்துக்காக யாரோ அதைக் கலாபகோஸுக்குக் கொண்டுபோனார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத ஸ்கலேசியா மரக்காட்டுக்குள் அது புதராக மண்டி, மரக்கன்றுகளை எழவிடாமல் அமுக்குகிறது. அதே போல வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓர் ஈ, ஃபின்ச் குருவிகளின் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்துக் கொல்கின்றன. இதற்குப் பிறகும் ஒரு பிடி பயறு பெரிய விஷயமா என்று கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆலையில் அடைத்து முத்திரையிட்ட பொடி பாக்கெட்டுகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் உயிரியல் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டில் செய்த ஊறுகாயை நான் தவிர்த்துவிடச் சொல்வேன். சைவம் என்பதை முன்பதிவின்போதே கப்பலுக்குச் சொல்லிவிடுங்கள். ஈக்வடார்க்காரர்கள் பயறு, பீன்ஸ் வகைகளைக் குழம்பாக வைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறவர்கள், அதனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். எந்தத் தின்பண்டத்தையும் தீவுக் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதை மட்டும் குழந்தைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எத்தனை ஜோடி காலணி?

இரண்டு போதும் தம்பி. படகிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கரையேற, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு. எரிமலைப் பாறையில் நடக்க, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ. இரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும். கிளம்பும் முன் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும் துணியில் ஒட்டிய புல்விதைகளையும் தேய்த்துக் கழுவுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: எனக்கு முழங்கால் வலி, என் மனைவி சேலை மட்டுமே கட்டுவார். எங்களால் முடியுமா?

முடியும் ஐயா, கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். கப்பலிலிருந்து 'பங்கா' என்ற காற்றடைத்த சிறு படகில் ஏறித்தான் ஒவ்வொரு தீவுக்கும் போக வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் வைக்கச் சேலை தடையாக இருக்கும், மேலே உயிர்காப்பு அங்கியும் மாட்ட வேண்டும். அம்மாவுக்குச் சல்வார் வசதி. கப்பலுக்குள் சேலையே கட்டிக்கொள்ளட்டும். படகில் ஏறும்போது ஊழியர் உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்களும் அவர் முன்கையைப் பிடியுங்கள். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும், ஆகவே கைப்பைக்குப் பதில் முதுகுப்பை. ஊன்றுகோல் கொண்டு வாருங்கள், நுனியில் ரப்பர் உறையோடு. பார்த்தலோமே தீவின் உச்சிக்குப் போகும் நீண்ட மரப்படிக்கட்டு கடினமாகத் தெரிந்தால் வழிகாட்டியிடம் தயங்காமல் சொல்லுங்கள். பல கப்பல்களில் அந்த நேரத்தில் படகிலேயே கரையோரம் சுற்றிக்காட்டுவார்கள். பென்குயின்களைப் பார்க்க அதுதான் நல்ல வாய்ப்பு.

பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர்: 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

அந்தப் பணத்தைச் சேமியுங்கள். அங்குள்ள விலங்குகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. விதிப்படி நீங்கள் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பாதையில் படுத்திருக்கும் கடற்சிங்கத்துக்காக நீங்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கும். 100-400 அல்லது 70-300 போன்ற ஒரு ஜூம், நிலக்காட்சிக்கு ஓர் அகலக் கோண லென்ஸ், இவை போதும். எஸ்பனோலா தீவில் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை பறப்பதை எடுக்கவும் இந்த ஜூம் சரிப்படும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான் அவை அங்கே இருக்கும். ஃபிளாஷுக்குத் தடை; சுற்றுலாப் பயணிகள் ட்ரோன் பறக்கவிடவும் தடை. படகில் உப்புநீர் தெறிக்கும், கேமராவுக்கு நீர் புகாத பை அவசியம். நீருக்கடியில் எடுக்கச் சிறிய கேமரா ஒன்று இருந்தால், ஆமைகளோடு நீந்தும்போது நன்றி சொல்வீர்கள்.

அங்கே மின்சாரம் 110-120 வோல்ட், தட்டைக் கம்பிகள் கொண்ட அமெரிக்க பிளக். அதற்கேற்ற அடாப்டரும் கூடுதல் பேட்டரியும் மறக்க வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள். கப்பல்கள் பெரும்பாலும் இரவில்தான் தீவு மாறும். குமட்டல் வந்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அறை தேர்ந்தெடுக்க முடிந்தால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியைக் கேளுங்கள், ஆட்டம் குறைவு.

சென்னையிலிருந்து ஒரு தம்பதி: ஆவணங்களில் பலரும் விட்டுவிடுவது எது?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. ஈக்வடாரிலிருந்து அது இல்லாமல் இந்தியா திரும்பினால், 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 60 வயது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அடுத்தது ரொக்கம். தேசியப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 100 டாலர். ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான். ஊழியர்களுக்கு அன்பளிப்புக் கொடுக்கவும் கடைகளுக்கும் சிறு நோட்டுகளாக வையுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு ஒரு சிப்பியோ, கருங்கல்லோ எடுத்து வரலாமா?

கூடாது அம்மா. சிப்பி, மணல், பவளம், எரிமலைக் கல் எதையும் எடுக்க அனுமதியில்லை. 2021 மார்ச்சில் கலாபகோஸின் பால்ட்ரா விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் 185 ஆமைக் குஞ்சுகளைப் பிடித்தார்கள். அதுபோன்ற கடத்தல் நடக்கும் இடத்தில் சோதனை கடுமையாகத்தான் இருக்கும். பேரனுக்கு வேறொன்று செய்யுங்கள். ஃப்ளோரியானா தீவின் தபால் விரிகுடாவில், திமிங்கில வேட்டைக்காரர்கள் காலத்து வழக்கப்படி ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. தபால்தலை ஒட்டாமல் அஞ்சலட்டையை அதில் போட்டால், உங்கள் ஊர்ப்பக்கம் போகும் யாரோ ஒரு பயணி எடுத்துச் சென்று கொடுப்பார். பேரன் முகவரியைத் தெளிவாக எழுதிப் போடுங்கள். பீப்பாயில் தமிழ்நாட்டு முகவரி எழுதிய அட்டை ஏதாவது கிடைத்தால் நீங்களும் எடுத்து வாருங்கள்.