குடும்பப் படத்தில் எஃபெக்ட் செய்வது: கேள்வி பதில்

குடும்பப் படத்தில் செய்யும் எடிட்டிங் எஃபெக்ட்களைப் பற்றி மட்டும் இந்தச் சுற்றில் பேசுவோம். போட்டோஷாப் பெயர்களைச் சொல்கிறேன். உலாவியிலேயே இலவசமாக இயங்கும் போட்டோபீயிலும் பெரும்பாலும் அதே பெயர்கள்தான். கேள்விகளுக்கு முன் ஒன்று: வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பில் வேலை தொடங்காதீர்கள், அது சுருங்கித்தான் வந்திருக்கும். எடுத்தவரிடம் சொல்லி டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பைத் தனியே வைத்துவிட்டு நகலில் கை வையுங்கள்.

கே: கல்யாணப் படத்தில் அம்மாவின் பட்டுப்புடவை மட்டும் கலரில் இருக்க, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையாக வர வேண்டும். டீசாச்சுரேட் போட்டால் படம் சப்பென்று இருக்கிறது. (காஞ்சிபுரம்)

ப: நிறத்தை ஒரேயடியாக நீக்கும் டீசாச்சுரேட் வேண்டாம். அது ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அரக்கு நிறம் 140, 20, 40 என்றும் கரும்பச்சை 20, 140, 60 என்றும் வையுங்கள். இரண்டுக்கும் விடை 80. பக்கத்தில் நிற்கும் அத்தையின் புடவையில் உடலும் பார்டரும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுவது இதனால்தான்.

படத்தின் மேல் தனி அடுக்காக பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். ஆறு நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். பச்சையை 40-இலிருந்து 70 வரை ஏற்றினால் பார்டர் பிரிந்து நிற்கும். சிவப்பைக் குறைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். தோலும் உதடும் அந்த ஸ்லைடரில்தான் இருக்கின்றன, முகம் கறுத்துவிடும். பிறகு அந்த லேயரின் மாஸ்க்கில் (கறுப்பு பூசிய இடத்தில் லேயர் வேலை செய்யாது) கறுப்பு பிரஷ்ஷால் அம்மாவின் புடவை மேல் பூசுங்கள். ஹார்ட்னெஸ், அதாவது பிரஷ் ஓரத்தின் கூர்மை, 70 சதவீதம் போதும். சிவப்புப் பட்டின் சாயல் கழுத்திலும் தாடைக்கு அடியிலும் படிந்திருக்கும். பிரஷ் அங்கே ஏறினால் தோலில் சிவப்புத் திட்டு தெரியும். அங்கே மட்டும் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துச் செய்யுங்கள்.

கே: பென்சில் ஸ்கெட்ச் எஃபெக்டில் எல்லோரும் வெள்ளைக்காரர் போல வருகிறார்களே? (மதுரை)

ப: நல்ல கேள்வி. செய்யும் முறையைப் பார்த்தாலே காரணம் புரியும். சாம்பலாக்கிய லேயரை நகலெடுத்து, இன்வர்ட் செய்து (கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி), கலர் டாட்ஜ் மோடில் வைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். கறுப்பு 0, வெள்ளை 1 என்று வைத்தால், கீழே உள்ள எண்ணை, மேலே உள்ளதன் எதிர் எண்ணால் (ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவது) வகுப்பதுதான் கலர் டாட்ஜ். இன்வர்ட் செய்த நகலில் அந்த எதிர் எண், கீழே உள்ள எண்ணேதான். எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஒன்று, அதாவது வெள்ளை. மேல் லேயரில் காஸியன் பிளர் கொடுத்ததும் ஓரங்களில் மட்டும் இரண்டும் வேறுபட்டுக் கோடு விழுகிறது. கன்னம், நெற்றி போன்ற சமமான இடங்களில் வேறுபாடு இல்லை. அதனால் தோல் எந்த நிறமானாலும் தாள் வெள்ளைதான்.

முதல் சாம்பல் லேயரின் இன்னொரு நகலை எல்லாவற்றுக்கும் மேலே மல்டிப்ளை மோடில், ஒபாசிட்டி 25 சதவீதத்தில் வையுங்கள். அவரவர் நிறம் திரும்பிவிடும். பிளர் அளவுக்குப் பொது எண் கிடையாது, முகத்தின் அகலத்தைப் பாருங்கள். 300 பிக்சல் முகத்துக்கு 4 முதல் 6, 800 பிக்சலுக்கு 10 முதல் 15. இரவில் எடுத்த படமென்றால் முதலில் நாய்ஸைக் குறையுங்கள். இல்லாவிட்டால் புள்ளிகளும் கோடாகி முகத்தில் மணல் தூவியது போலிருக்கும்.

கே: ஆயில் பெயின்ட் ஃபில்டர் மெனுவில் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. (சேலம்)

ப: கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பு அணைந்திருக்கும், அல்லது படம் அச்சுக்கான நிற முறையான சிஎம்ஒய்கே-யில் இருக்கும். திரைக்கான ஆர்ஜிபி-க்கு மாற்றிப் பாருங்கள். பத்துப் பேர் நிற்கும் படமென்றால் ஃபில்டருக்கு முன் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்குங்கள், மூலம் மாறாமல் ஃபில்டர் தனியே நிற்கும். பிறகு ஃபில்டர் மாஸ்க்கில் முகங்களின் மேல் 60 சதவீதக் கறுப்பு பூசுங்கள். சின்ன முகத்தில் முதலில் காணாமல் போவது கண்தான்.

கே: அண்ணா, எங்கட அப்பாவின்ர பழைய அடையாள அட்டைப் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கு. கறுப்பு வெள்ளை. புதுசா எடுக்கப்போற குடும்பப் படத்துக்குள்ள அவரைச் சேர்க்க ஏலுமா? (யாழ்ப்பாணம்)

ப: ஏலும். இன்னும் எடுக்கவில்லை என்பதால் பாதி வேலையைப் படம் எடுக்கும்போதே முடித்துவிடலாம்.

அட்டையை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் பளபளத்தால், இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுங்கள். அட்டையில் முகம் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஸ்கேனில் 940 பிக்சல் கிடைக்கும். 12×18 அங்குல பிரின்ட்டில் ஆறு பேர் நின்றால் ஒரு முகம் ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது 300 பிக்சல். மூன்றில் ஒன்றாகச் சுருக்கப் போகிறீர்கள். கீறலும் மங்கலும் பாதிக்கு மேல் அதிலேயே மறையும்.

ஸ்கேனில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, குடும்பத்துக்கும் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வரும்படி நிறுத்துங்கள். அடையாள அட்டைப் படம் கண் மட்டத்தில் எடுத்தது. கேமராவும் நிற்பவர்களின் கண் உயரத்தில் இருக்கட்டும். அப்பாவின் உயரமும் தோள் அகலமும் உள்ள ஒருவரை, அப்பா போடுவது போன்ற சட்டையோடு, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்து எடுங்கள். தோளில் விழும் வெளிச்சம், சுவரில் விழும் நிழல், நாற்காலி மறைக்கும் பகுதி எல்லாம் உண்மையாகவே கிடைத்துவிடும். மாற்ற வேண்டியது கழுத்துக்கு மேல் மட்டும்தான்.

நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பழைய படம், புதுப் படம் இரண்டிலும் தலைமுடியில் உள்ள ஆகக் கடும் கறுப்பை லெவல்ஸில் சமப்படுத்துங்கள். பழைய படத்தின் கறுப்பு வெளுத்திருக்கும், ஒட்டியது தெரிவது அங்கேதான். கடைசியாக 50 சதவீதச் சாம்பல் லேயரை ஓவர்லே மோடில் போட்டு 3 முதல் 5 சதவீதம் நாய்ஸ் சேருங்கள். எல்லா முகத்திலும் ஒரே மாதிரிப் புள்ளித்தன்மை படிந்துவிடும்.

வெளிச்சம் ஒத்துவரவில்லை என்று முகத்தை இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள். வகிடு மாறும், மச்சம் மாறும். மற்றவர்களுக்குத் தெரியாது, அம்மாவுக்கு உடனே தெரியும்.

கே: இவ்வளவு பாடு எதற்கு சார்? ஏஐ ஆப்பில் போட்டால் ஒரு நிமிடத்தில் அப்பா பளிச்சென்று வந்துவிடுவார். (சென்னை)

ப: பளிச்சென்று ஒருவர் வருவார். அவர் அப்பாதானா என்பதுதான் கேள்வி. மங்கலான படத்தில் இல்லாத இமை மயிரையும் பல் வரிசையையும் அந்த மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? பயிற்சியில் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து, பொருந்தும் என்று தோன்றுவதை வரைகிறது. மங்கிய முகங்களைத் தெளிவாக்கும் கோட்ஃபார்மர் போன்ற ஏஐ கருவிகளில் 0 முதல் 1 வரை ஓர் எண் வைத்திருப்பதே இதற்காகத்தான். 0 பக்கம் போனால் முகம் தெளியும், ஆள் நழுவுவார். 1 பக்கம் போனால் மங்கல் மிஞ்சும், சாயல் நிற்கும்.

சோதிப்பது எளிது. ஏஐ தந்த முகத்தை ஸ்கேனின் மேல் வைத்து, கண்களைப் பொருத்தி, மேல் லேயரை அணைத்து அணைத்துப் பாருங்கள். மூக்கடி அகலம், மேலுதட்டின் வளைவு, ஒரு கண் சற்றே சிறியதாக இருப்பது, தழும்பு, விபூதிக் கீற்று. சுருக்கமும் தழும்பும் வழித்துத் துடைத்தது போல் போயிருக்கும், விபூதி வெறும் வெளிச்சத் திட்டாகியிருக்கும்.

கே: அந்தக் கால ஸ்டுடியோவிலும் டச்சப் செய்தார்கள், கலர் பூசினார்கள். அது மட்டும் உண்மையா? ஆளையே ஒட்டிச் சேர்ப்பது அதைவிடப் பெரிய பொய்யில்லையா? (கோவை)

ப: ஒட்டிச் சேர்ப்பது புகைப்படக் கலை ஏறக்குறைய பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1858-இல் இங்கிலாந்துப் புகைப்படக்காரர் ஹென்றி பீச் ராபின்சன், நோயில் கிடக்கும் பெண்ணும் சுற்றியிருக்கும் குடும்பத்தாருமாக நடிக்க வைத்தவர்களை ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரே படமாக்கினார். அதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆளைச் சேர்த்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் சுருக்கத்தைக் குறைத்தார், கன்னத்தில் ரோஸ் பூசினார். அடியில் லென்ஸ் பதிந்த முகம் அப்படியே இருந்தது. ஏஐ அந்த அடி முகத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறது, வைத்ததைச் சொல்வதும் இல்லை.

கே: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏஐ செய்ததுதான் பிடித்திருக்கிறது சார். பிடித்ததை மாட்டுவதில் என்ன தவறு? (அதே சென்னை வாசகர்)

ப: மாட்டுங்கள், உங்கள் சுவர். ஆனால் கோப்பின் பெயரிலேயே ஏஐ என்று எழுதுங்கள், ஸ்கேன் செய்த மூலத்தை அதே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு மனிதருக்கு ஒரே படம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதன் மேல் நமக்கு அவ்வளவு பொறுப்பாவது வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு வேறு சாட்சி கிடையாது. தாத்தாவின் மூக்கு இவனுக்கு வந்திருக்கிறதா என்று அந்தப் படத்தில்தான் தேடுவார்கள்.

கே: நடுவழி ஒன்றும் இல்லையா? (டொராண்டோ)

ப: உண்டு. காலர், தோள், பின்னணி, கிழிந்த மூலை இவற்றை ஏஐ நிரப்பட்டும். முகத்தின் மேல் ஓடும் கீறலை மட்டும் ஹீலிங் பிரஷ்ஷால் கையால் எடுங்கள், பிரஷ் கீறலை விடச் சற்றே அகலமாக. கண்ணுக்குள் கீறல் இருந்தால் குளோன் ஸ்டாம்ப்.

கே: அண்ணா, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 12×18 பிரின்ட் போடலாமா? (திருச்சி)

ப: தம்பி, முதல் பத்தியைப் படியுங்கள். 12×18-க்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600×5400 பிக்சல், குறைந்தது 2400×3600 வேண்டும்.

கே: குடும்பம் முழுவதையும் டபுள் எக்ஸ்போஷரில், உள்ளே எங்கள் ஊர்க் கோபுரம் தெரியும்படி செய்ய ஆசை. (தஞ்சாவூர்)

ப: ஐந்து பேரை வைத்தால் கசகசவென்றாகிவிடும். பாட்டியின் பக்கவாட்டு முகம் ஒன்றை எடுத்து, அதற்குள் கோபுரம் வையுங்கள். ஸ்கிரீன் மோடில் கறுப்பு இருக்கும் இடத்தில்தான் இன்னொரு படம் தெரியும், வெள்ளை எல்லாவற்றையும் விழுங்கும். ஆகவே பின்னணி தூய வெள்ளை, முகம் நிழலாக இருக்க வேண்டும். பாட்டியின் நரைத்த முடிக்குள் கோபுரம் தெரியாது. தலைப் பகுதியை மட்டும் கர்வ்ஸில் நன்றாக இருட்டாக்கிவிட்டு, கோபுரப் படத்தை மேலே வையுங்கள். தாத்தாவின் வெள்ளை வேட்டிக்கும் இதே வைத்தியம். கண், மூக்கு, வாய் மேல் மட்டும் கோபுரத்தை மாஸ்க்கில் மறையுங்கள்.

கே: பின்னணியை பிளர் செய்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறது. (ஈரோடு)

ப: பிளர் செய்யும்போது ஆட்களின் நிறமும் பின்னணியில் கசிகிறது. ஆட்களை மேல் லேயருக்குத் தனியே எடுத்த பிறகு, கீழ் லேயரில் அவர்கள் நின்ற இடத்தைக் கன்டென்ட் அவேர் ஃபில்லால் நிரப்புங்கள். அதற்குப் பிறகு பிளர். காலடித் தரையைக் கிரேடியன்ட் மாஸ்க் போட்டுக் கூர்மையாக விடுங்கள், இல்லையேல் ஆட்கள் மிதப்பார்கள்.

கே: முகத்தை கார்ட்டூனாக்கும் ஆப் எது நல்லது? (வேலூர்)

ப: இந்தச் சுற்றில் இல்லை.

கே: போன் மட்டும்தான் இருக்கிறது. புடவையை மட்டும் கலரில் விட முடியுமா? (நாகர்கோவில்)

ப: ஸ்னாப்சீடில் முடியும். பிளாக் அண்ட் ஒயிட் போட்டு, வியூ எடிட்ஸ் திறந்து, அந்த வரியைத் தொட்டால் பிரஷ் அடையாளம் வரும். இன்வர்ட் அழுத்தினால் எஃபெக்ட் முழுவதும் பரவும். பிரஷ்ஷை 0-க்கு இறக்கிப் புடவை மேல் தேயுங்கள்.

கே: வாட்ஸ்அப் படத்தை ஏஐ-யில் பெரிதாக்கினால் பரவாயில்லையா? (கரூர்)

ப: மேலே இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

கே: 18×24 கேன்வாஸில் போட்டோம். ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் கை மடிப்புக்குள் போய்விட்டது. (தூத்துக்குடி)

ப: கேன்வாஸை மடித்துப் பொருத்தும் ஒன்றரை அங்குலக் கட்டைக்கு நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூட விட வேண்டும், கோப்பு 22×28 அங்குலம். படத்தில் இடமில்லை என்றால் ஓர விளிம்பை மட்டும் கண்ணாடிப் பிம்பம் போல் திருப்பி நீட்டச் சொல்லுங்கள். பிரின்ட் கடைக்காரர் செய்து தருவார். கை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் மடிப்பில் இரண்டு கையாகத் தெரியும். அப்போது ஓரத்தை ஒரே நிறத்தில் விடுவதே நல்லது.